குடியும் கல்லீரல் என்சைமும்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன். எல்எஃப்டி (ஈரல் எப்படி இருக்குன்னு பாக்குற ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்ட கையில வாங்கினதும் நிறைய பேரு அங்கயே நின்னு அதே சந்தேகத்தத்தான் கேக்குறாங்க, முக்கியமா குடிக்கிறவங்களோட மனைவியும் பிள்ளைங்களும். ஒவ்வொருத்தருக்கும் அவசரத்துல அரைகுறையா சொல்றதுக்கு ஒரே இடத்துல முழுசா எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு, கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மருந்து, சிகிச்சை எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்டதான் முடிவு பண்ணணும்.

ரிப்போர்ட்ல எஸ்ஜிபிடி ஏறியிருக்கு மேடம், அந்த என்சைம்தான் ஈரலைக் கெடுக்குதா? அதைக் குறைக்க என்ன சாப்பிடணும்?

இல்லங்க, எஸ்ஜிபிடி எதையும் கெடுக்கல. அது ஈரல் செல்லுக்கு உள்ள இருந்து அமினோ அமிலங்கள (புரதத்தோட துண்டுங்க) மாத்துற என்சைம், என்சைம்னா உடம்போட ரசாயன வேலைய வேகமா நடத்துற புரதம். செல் அடிபட்டு அதோட சுவர் ஓட்டையானா உள்ள இருக்குறது ரத்தத்துல கசியுது, அந்தக் கசிவைத்தான் நாங்க அளக்குறோம். விரிசல் விட்ட பானையில இருந்து தண்ணி ஒழுகுதுன்னா தண்ணி மேல தப்பு இல்லையே, அது மாதிரி. அதனால நம்பரைக் குறைக்க வழி தேடாம எது அடிக்குதோ அதை நிறுத்தணும்.

இங்க ரெண்டு கூட்டம் இருக்குன்னு புரிஞ்சிக்கணும், இது புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம். ஒண்ணு ரிப்போர்ட்ல வர்றது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஜிஜிடி. இதெல்லாம் தகவல் சொல்ற ஆளுங்க. இன்னொண்ணு குடிச்ச ஆல்கஹாலை உடைக்கிற என்சைம்கள், நிஜமான சேதம் அதுங்க வேலை செய்யும்போதுதான் நடக்குது, ஆனா அதுங்க பேரு எந்த எல்எஃப்டி ரிப்போர்ட்லயும் வராது.

அப்போ ஆல்கஹாலை உடைக்கிறது எது?

குடிச்சதுல மூச்சு, வேர்வை, சிறுநீர் வழியா அப்படியே வெளிய போறது ரொம்பக் கொஞ்சம், பத்துல ஒரு பங்குக்கும் கம்மி. மீதி எல்லாம் பெரும்பாலும் ஈரல் தலையிலதான் விழுது. முதல்ல ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ்னு ஒரு என்சைம், சுருக்கமா ஏடிஹெச், அது ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடா மாத்தும். அடுத்தது ஏஎல்டிஹெச், அது அசிட்டால்டிஹைடை அசிட்டேட்டா மாத்தும். அசிட்டேட் பெருசா தொல்லை பண்ணாது, மத்த உறுப்புங்க அதை எரிச்சு தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கிடும்.

மூணாவதா சிஒய்பி2இ1னு ஒண்ணு இருக்கு. எப்பயாவது குடிக்கிறவங்களுக்கு இதோட பங்கு கம்மிதான், தினமும் நிறைய குடிக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய வில்லன், கீழ தனியா சொல்றேன்.

உடம்பே உடைச்சு வெளிய தள்ளிடுதுன்னா அப்புறம் ஏன் ஈரல் கெடுது?

எல்லாரும் கேக்க வேண்டிய கேள்வி இதுதான். உடைக்கிற வழியிலதான் விஷம் உருவாகுது. நடுவுல வர்ற அசிட்டால்டிஹைட் ஆல்கஹாலை விட ரொம்ப மோசமானது, செல்லுக்குள்ள இருக்குற புரதத்துலயும் டிஎன்ஏலயும் போய் ஒட்டிக்கும். ஒட்டின புரதம் தன் வேலையச் செய்யாது, போதாததுக்கு நம்ம எதிர்ப்பு சக்தி அதைப் பாத்துட்டு வெளியாள்னு நெனச்சு தாக்க ஆரம்பிக்கும். டிஎன்ஏல ஒட்டுறதாலதான் புற்றுநோய் பயமும் வருது, மதுபானத்த உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1988லயே முதல் வகை, அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான பட்டியல்ல சேத்தாச்சு.

உடைக்கிற வேகத்துக்கும் ஒரு எல்லை இருக்கு. சராசரியா மணிக்கு ஏழு கிராம் கிட்டத்தட்ட, ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஏடிஹெச் சீக்கிரமே நிரம்பிடும், அதுக்கு மேல எவ்வளவு ஊத்தினாலும் அது தன் வேகத்துலதான் போகும், மிச்சம் ரத்தத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும்.

எங்க வீட்டுக்காரர் எண்ணெய்ப் பலகாரம் கூட தொடமாட்டார், ஆனா ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்திருக்கு, எப்படி?

ஏடிஹெச், ஏஎல்டிஹெச் ரெண்டும் வேலை செய்ய என்ஏடின்னு ஒரு துணைப்பொருள் வேணும். ஒவ்வொரு ஆல்கஹால் மூலக்கூறு உடையும்போதும் என்ஏடி, என்ஏடிஹெச்சா மாறிடும். நிறைய குடிச்சா ஈரல்ல என்ஏடி தீர்ந்து என்ஏடிஹெச் குவிஞ்சு கிடக்கும். கொழுப்பை எரிக்கவும் அதே என்ஏடிதான் வேணும், அது இல்லாததால எரிக்கிறது நின்னு போகுது, என்ஏடிஹெச் அதிகமானதால புதுசா கொழுப்பு செய்யுற பக்கம் வண்டி திரும்புது. ஆல்கஹாலுக்கே கிராமுக்கு 7 கலோரி இருக்கு, அது வேற. ஆக அவர் தட்டுல கொழுப்பு இல்லன்னாலும் ஈரலே கொழுப்பைத் தயாரிச்சு தன் உள்ளயே அடைச்சு வெச்சுக்குது. தொடர்ந்து நிறைய குடிக்கிறவங்கள்ல பத்துல ஒம்பது பேருக்கு இது இருக்கும், வலி எதுவும் இருக்காது.

இதே என்ஏடி குளறுபடியாலதான் வெறும் வயித்துல நிறைய குடிச்சவங்களுக்கு சர்க்கரை திடீர்னு இறங்குறதும் (ஈரலால புதுசா குளுக்கோஸ் செய்ய முடியாது), சிலருக்கு யூரிக் ஆசிட் ஏறுறதும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க இதைக் கட்டாயம் மனசுல வெச்சுக்கணும், மயங்கிக் கிடக்குறத போதைன்னு நெனச்சு விட்டுடுறாங்க, உயிருக்கே ஆபத்து.

எனக்கெல்லாம் எவ்வளவு அடிச்சாலும் ஏறாது, கெபாசிட்டி அதிகம். அப்போ என் ஈரல் ஸ்ட்ராங்தானே?

இல்ல, உல்டா. ஏறாம இருக்குறதுக்குப் பாதி காரணம் மூளை பழகிப்போனது. மீதி காரணம் நான் மேல சொன்ன சிஒய்பி2இ1. தினமும் குடிச்சா ஈரல் இந்த என்சைமைப் பல மடங்கு அதிகமா வெச்சுக்க ஆரம்பிக்கும். அதனால சரக்கு வேகமா உடையும், போதை சீக்கிரம் இறங்கும், நீங்க இன்னும் ஊத்துவீங்க.

ஆனா இந்த என்சைம் சுத்தமா வேலை செய்யாது. ஆல்கஹாலை உடைக்கும்போதே ஆக்சிஜன் ஃப்ரீ ராடிக்கல்கள (பக்கத்துல இருக்குறதத் தாக்கிக் கெடுக்குற மூலக்கூறுங்க) வெளிய தள்ளும், அது செல்லோட கொழுப்புச் சுவரை அரிக்கும், செல்லுக்கு சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவக் கெடுக்கும். அதைத் தடுக்க ஈரல்ல குளுட்டாதயோன்னு ஒரு பாதுகாப்புப் பொருள் இருக்கு, குடிக்கிறவங்களுக்கு அதுவும் கரைஞ்சு போயிருக்கும். மைட்டோகாண்ட்ரியா கெட்டா அங்க உட்கார்ந்திருக்குற ஏஎல்டிஹெச்சும் சரியா ஓடாது, அசிட்டால்டிஹைட் இன்னும் தேங்கும். ஒண்ணு இன்னொண்ண இழுத்துட்டுப் போற சங்கிலி இது. கெபாசிட்டி கூடுதுன்னு பெருமையா சொல்றவங்களப் பாத்தா எனக்கு நிஜமாவே பயமா இருக்கு, ஏன்னா அந்த சங்கிலி ஓட ஆரம்பிச்சதுக்கான அறிகுறி அது.

உடம்பு பருமன், சர்க்கரை நோய் இருக்குறவங்களுக்கு குடிக்காமலே இந்த என்சைம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். அதோட குடியும் சேந்தா ரெண்டும் கூட்டு சேந்து அடிக்கும்.

குடிச்ச மறுநாள் தலைவலிக்கு பாராசிட்டமால் போடலாமா?

தினமும் குடிக்கிறவங்க டாக்டரக் கேக்காம போடாதீங்க. பாராசிட்டமால்ல ஒரு சின்னப் பங்கை சிஒய்பி2இ1 ஒரு விஷப்பொருளா மாத்தும், சாதாரணமா குளுட்டாதயோன் அதைப் பிடிச்சு செயலிழக்க வெச்சிடும். முன்ன சொன்னத சேத்துப் பாருங்க: குடிக்கிறவங்களுக்கு அந்த என்சைம் அதிகம், குளுட்டாதயோன் கம்மி. சரியா சாப்பிடாம வேற இருந்தா இன்னும் மோசம். குடிக்கிறத நிறுத்தின முதல் சில நாள்லயும் கவனம் வேணும், ஏன்னா அந்த என்சைமுக்காக பாராசிட்டமாலோட போட்டி போட ஆல்கஹால் இல்ல, ஆனா என்சைம் இன்னும் இறங்கல. சளி, காய்ச்சல் மாத்திரை பல வகையில பாராசிட்டமால் கலந்திருக்கும், அட்டையப் படிச்சிட்டுப் போடுங்க.

நல்லா சாப்பிட்டுட்டு குடிச்சா ஈரலுக்கு ஒண்ணும் ஆகாதாமே?

சாப்பிட்டா ஆல்கஹால் மெதுவா ரத்தத்துல ஏறும், இரைப்பையில இருக்குற கொஞ்சம் ஏடிஹெச்சுக்கும் வேலை செய்ய நேரம் கிடைக்கும். அவ்வளவுதான் லாபம். ஒரு காலத்துல டாக்டர்களே குடிகாரங்களுக்கு ஈரல் கெடுறது சத்துக்குறைவாலதான்னு நம்பினாங்க. சார்லஸ் லீபர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்ல பபூன் குரங்குங்களுக்கு சத்தான சாப்பாட்டோட ஆல்கஹாலும் குடுத்துப் பாத்தார், வருஷக்கணக்குல. சத்து குறையாமலே சிலதுக்கு சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறிப் போறது) வந்துச்சு. ஆல்கஹாலே நேரடியா ஈரலைக் கெடுக்கும்னு அதுல தெளிவாச்சு.

ஃபேட்டி லிவர்ல இருந்து சிரோசிஸ் வரைக்கும் எப்படிப் போகுது?

கொழுப்பு சேந்த செல் லேசுல அடிபடும். அதோட குடி குடலோட சுவரையும் தளர்த்திடும், அங்க இருக்குற பாக்டீரியாவோட எண்டோடாக்சின்ங்கிற விஷப்பொருள் ரத்தத்துல கலந்து நேரா ஈரலுக்கு வரும். ஈரல்ல காவலுக்கு இருக்குற குப்ஃபர் செல்லுங்க அதைப் பாத்துட்டு வீக்கத்த உண்டாக்குற ரசாயனத்தக் கொட்டும். இதுதான் ஹெபடைட்டிஸ் கட்டம். கடுமையா வந்தா கண்ணு மஞ்சளாகி, காய்ச்சலோட, சில வாரத்துலயே உயிர் போற அளவுக்கு இருக்கும்.

அசிட்டால்டிஹைட், ஃப்ரீ ராடிக்கல், இந்த வீக்க ரசாயனம் எல்லாம் சேந்து ஸ்டெல்லேட் செல்னு ஒண்ண எழுப்பி விடும். அது சும்மா வைட்டமின் ஏவ சேமிச்சு வெச்சிட்டு அமைதியா இருந்த செல், எழுந்ததும் கொலாஜன் நாரைப் பின்ன ஆரம்பிக்கும். அந்தத் தழும்புதான் ஃபைப்ரோசிஸ், ஈரல் முழுக்கப் பரவி முடிச்சு முடிச்சா ஆனா சிரோசிஸ்.

நான் பீர் மட்டும்தான், அது பரவால்லையா?

என்சைமுக்கு பாட்டில் தெரியாது. 500 மில்லி, 5 சதவீத பீர்ல சுமார் 20 கிராம் ஆல்கஹால். 60 மில்லி, 40 சதவீத விஸ்கிலயும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மணிக்கு ஏழு கிராம்னு மேல சொன்ன கணக்குப்படி ரெண்டுக்கும் மூணு மணி நேர வேலை.

பொண்ணுங்களுக்கு சீக்கிரம் பாதிக்கும்னு சொல்றது உண்மையா?

உண்மை. உடம்புல தண்ணி பங்கு கம்மிங்கிறதால அதே அளவு குடிச்சாலும் ரத்தத்துல அடர்த்தி கூட ஏறும். இரைப்பை ஏடிஹெச்சும் பெண்களுக்குக் கம்மின்னு 1990ல வந்த ஆய்வு சொல்லுச்சு. கம்மி அளவுல, கம்மி வருஷத்துல சிரோசிஸ் வர்றது பெண்களுக்குத்தான் அதிகம்.

என் ஃப்ரெண்டுக்கு ஒரு பெக்லயே முகம் செவந்து படபடன்னு வருது, அலர்ஜியா?

பெரும்பாலும் அலர்ஜி இல்ல. ஏஎல்டிஹெச்2 ஜீன்ல ஒரு மாற்றம் இருந்தா அந்த என்சைம் சரியா வேலை செய்யாது, அசிட்டால்டிஹைட் தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், குமட்டும். கிழக்கு ஆசியாவுல இது ரொம்ப சகஜம், மூணுல ஒருத்தருக்குப் பக்கமா இருக்கு. மத்த இடங்கள்ல அபூர்வம், அதனால வேற காரணமும் பாக்கணும், சில மருந்து கூட இப்படிப் பண்ணும். பழகிடும்னு தொடர்ந்து குடிச்சா தப்பு, இப்படிப்பட்டவங்களுக்கு உணவுக்குழாய் புற்றுநோய் வர்ற வாய்ப்பு அதிகம்.

எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடிய விட ரெண்டு மடங்கு இருக்கு, இதைப் பாத்ததும் டாக்டர் "குடிப்பீங்களா"ன்னு கேட்டுட்டார். எப்படிக் கண்டுபிடிச்சார்?

சாதாரண ஃபேட்டி லிவர்லயும் வைரஸ் ஹெபடைட்டிஸ்லயும் எஸ்ஜிபிடிதான் பொதுவா தூக்கலா இருக்கும். குடியில தலைகீழ். எஸ்ஜிபிடி வேலை செய்ய வைட்டமின் பி6 ரொம்பத் தேவை, குடிக்கிறவங்களுக்கு அது குறைஞ்சு போறதால எஸ்ஜிபிடி ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. எஸ்ஜிஓடியில ஒரு பகுதி மைட்டோகாண்ட்ரியாக்குள்ள இருக்கு, மைட்டோகாண்ட்ரியா அடி வாங்கினா (சிஒய்பி2இ1 பதிலப் பாருங்க) அதுவும் வெளிய வரும்.

இன்னொரு விஷயம், குடியால மட்டும் ஏறினா ரெண்டும் பொதுவா 400ஐத் தாண்டாது. ஆயிரக்கணக்குல இருந்தா வேற ஏதோ சேந்திருக்கு, வைரஸோ பாராசிட்டமாலோ, உடனே ஆஸ்பத்திரி போகணும். தசை அடிபட்டாலும் எஸ்ஜிஓடி ஏறும், அதனால இந்த விகிதத்த மட்டும் வெச்சு யாரையும் குடிகாரன்னு முத்திரை குத்தக் கூடாது.

ஜிஜிடி மட்டும் ஏறியிருக்கு, குடிச்சது மாட்டிக்கிச்சா?

குடி இருந்தா ஜிஜிடி ஏறும், ஆனா ஏறினா குடிதான்னு அர்த்தம் இல்ல. வலிப்பு மாத்திரை சிலது, பருமன், சர்க்கரை, பித்தநாள அடைப்பு எல்லாத்துலயும் ஏறும். குடிக்கவே குடிக்காத ஒருத்தர வீட்டுல சந்தேகப்பட்டு சண்டை போட்டத நான் பாத்திருக்கேன், தயவு செஞ்சு அப்படிச் செய்யாதீங்க.

டெஸ்டுக்கு முன்னாடி மூணு நாள் குடிக்காம இருந்தா நார்மல் வந்திடுமா?

எஸ்ஜிஓடி ரத்தத்துல பாதியா குறைய சுமார் 17 மணி நேரம், எஸ்ஜிபிடி 47 மணி நேரம் பக்கம். அதனால இது ரெண்டும் கொஞ்சம் இறங்கலாம். ஜிஜிடி பாதியாக ரெண்டு மூணு வாரம் ஆகும், அது காட்டிக் குடுக்கும். ஆனா யாரை ஏமாத்தப் போறீங்க? டாக்டருக்கு சரியான நம்பர் போனாத்தான் உங்களுக்கு சரியான வைத்தியம் கிடைக்கும்.

ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்போ குடிக்கிறதுல பிரச்சனை இல்லதானே?

முதல் பதில்ல சொன்னதுதான், ரிப்போர்ட் கசிவை மட்டும்தான் காட்டுது. கொழுப்பு சேந்திருக்கலாம், தழும்பு கூட ஆரம்பிச்சிருக்கலாம், ரெண்டுலயும் என்சைம் நார்மலா வர்றது உண்டு. எவ்வளவு குடிக்கிறீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொன்னா ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு விறைச்சிருக்குன்னு அளக்குற ஸ்கேன்) மாதிரி வேற பரிசோதனை தேவையான்னு அவர் பாப்பார்.

அப்பாவுக்கு சிரோசிஸ், போன வருஷத்த விட இப்ப எஸ்ஜிபிடி கம்மியாயிருக்கு. சரியாகிட்டு வருதா?

இந்தக் கேள்விக்கு பதில் சொல்றது எனக்குக் கஷ்டமா இருக்கும். அவர் குடிய நிறுத்தி, உடம்பும் தேறியிருந்தா நல்ல செய்தியா இருக்கலாம். ஆனா சிரோசிஸ் முத்தினா கசியறதுக்கே நல்ல செல் மிச்சம் இல்லாம என்சைம் குறையும். அதனால சிரோசிஸ்ல என்சைம் நம்பரைப் பிடிச்சுட்டு உட்காராதீங்க. ஆல்புமின் (ஈரல் செய்யுற புரதம்), பிலிருபின் (மஞ்சள் காமாலையில ஏறுற நிறப்பொருள்), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகுற நேரத்தோட அளவு), பிளேட்லெட் இந்த நாலும் எந்தப் பக்கம் போகுதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, ஈரல் வேலை செய்யுதா இல்லையாங்கிறத அதுதான் சொல்லும். வயிறு வீங்கறது, ரத்த வாந்தி, கறுப்பா மலம், ஆள் குழம்பிப் பேசறது இருந்தா ஒரு நிமிஷமும் காத்திருக்காதீங்க.

காபி, எலுமிச்சை ஜூஸ், லிவர் டானிக் எதுவாவது சரக்க சீக்கிரம் உடைக்குமா?

உடைக்காது. காபி தூக்கத்தக் கலைக்கும், ஏடிஹெச் வேகத்த மாத்தாது. குளிர்ந்த தண்ணி ஊத்தினாலும் அதேதான். டானிக்க நம்பி குடியத் தொடர்றதுதான் பெரிய நஷ்டம், சில மூலிகைக் கலவைங்களே ஈரலைப் பாதிக்கும்.

எங்க மாமா இருபது வருஷமா குடிக்கிறார், அவருக்கு ஒண்ணும் ஆகலையே?

நிறைய குடிக்கிறவங்கள்ல சிரோசிஸ் வரைக்கும் போறது நூத்துல பத்துல இருந்து இருபது பேர் வரைக்கும். யாருக்கு வரும்னு முன்னாடியே சொல்ல முடியாது. பிஎன்பிஎல்ஏ3ன்னு ஒரு ஜீன் மாற்றம் இருந்தா ஆபத்து கூடும், பருமன், ஹெபடைட்டிஸ் பி, சி இருந்தாலும் கூடும். மாமா தப்பிச்சது அவரோட உடம்பு, அதே என்சைம் கலவை உங்களுக்கு வந்திருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அதோட அவருக்கு ஒண்ணும் ஆகலன்னு ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சா?

இப்ப நிறுத்தினா ஈரல் பழையபடி ஆகுமா? நாளைக்கே நிறுத்திடலாமா?

கொழுப்புக் கட்டத்துல இருந்தா ரெண்டுல இருந்து ஆறு வாரத்துல பெரும்பாலும் கரைஞ்சிடும், சிஒய்பி2இ1 ஒரு வாரத்துக்குள்ளயே இறங்கத் தொடங்கும். தழும்பும் ஆரம்ப நிலையில இருந்தா கொஞ்சம் பின்வாங்கும். சிரோசிஸ் முழுசா மறையாது, ஆனா அந்த நிலையில நிறுத்தினவங்க கூட நிறுத்தாதவங்கள விட நிறைய நாள் வாழுறாங்க. இதை நான் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன்.

தினமும் நிறைய குடிக்கிறவர் வீட்டுலயே திடீர்னு நிறுத்துறது மட்டும் வேண்டாம். கை நடுக்கம், வேர்வைல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சு ஆள் கட்டுப்பாடு இழக்கலாம், சிகிச்சை இல்லன்னா உயிர் கூட போகும். டாக்டர்கிட்ட போனா அதுக்கு மருந்தும், தயமின் வைட்டமினும் குடுத்துப் பத்திரமா நிறுத்த வைப்பாங்க.

குடிய நிறுத்துற மாத்திரைய அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கலாமா அக்கா?

கெஞ்சிக் கேக்குறேன், செய்யாதீங்க. அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிரம். அது ஏஎல்டிஹெச் என்சைமைத்தான் பூட்டிடும், அதாவது மேல சொன்ன முகம் சிவக்குற ஆளோட நிலைமைய இன்னும் கடுமையா உண்டாக்கும். மாத்திரை உள்ள இருக்குறது தெரியாம அவர் வழக்கம் போல குடிச்சா பிரஷர் விழும், நெஞ்சு தாறுமாறா அடிக்கும், இதய நோய் இருக்குறவர் செத்தே போகலாம். மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை உடம்புல இருக்கும். இதுவே சிலருக்கு ஈரலை நேரடியாத் தாக்கும், ஏற்கெனவே ஈரல் கெட்டவங்களுக்கு டாக்டர்கள் பொதுவா இதைத் தவிர்ப்பாங்க.

அவர் சம்மதிச்சு, எல்எஃப்டி பாத்து, டாக்டர் எழுதிக் குடுத்து எடுக்குற மருந்து அது. அவர் ஒத்துக்கலன்னா நீங்க மட்டுமாவது குடிநோய் பாக்குற மனநல டாக்டரப் போய்ப் பாருங்க, குடும்பத்துக்குன்னு தனியா ஆலோசனை குடுக்குறாங்க, எப்படிப் பேசி அவரக் கூட்டிட்டு வர்றதுன்னு அங்க சொல்லித் தருவாங்க. ஏற்கெனவே கலந்து குடுத்துட்டு இருந்தீங்கன்னா இன்னைக்கே அவர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, அடுத்து அவர் குடிக்கிறதுக்கு முன்னாடி.